காட்பாடிக்கு ஒரு வாடகைக் கார்

மோட்டார் ஓட்டும் லைசென்ஸ் என்னிடம் பல வருஷங்கள் இருந்தது. கார் ஒருநாளும் இருந்ததில்லை. கல்யாணமாகாத ஒரு நர்ஸுக்கு எதற்கு லைசென்ஸ் என்று கேட்டவர்களுக்கு நான் சொல்லும் பதில் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. பெரும்பாலும் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன்.

லைசென்ஸ் வந்த கதை சிறியதுதான். வேலூர்ப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்த்தபோது, ஊர் ஊராகப் போய்ச் சாலையோரத்தில் நிறுத்தி மருந்து கொடுப்பதற்கென்று ஒரு மோட்டார் வைத்திருந்தார்கள். அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒருநாள் தோல் வியாபாரி ஒருவரிடம் கூடுதல் சம்பளத்துக்குப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. வெள்ளைக்கார டாக்டரம்மா எங்களைப் பார்த்து, உங்களில் யாராவது கற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அந்த வண்டியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் என் சிநேகிதி. அவளும் நர்ஸ்தான். ஒரே அறையில்தான் இருந்தோம். மருந்துப் பெட்டி ஆடாமல் இருக்க அதை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வாள். சந்தையில் வாங்கிய வேர்க்கடலையை உரித்து, ஸ்டியரிங்கை விட முடியாத என் வாயில் ஒவ்வொன்றாகப் போடுவாள். வழியில் எருமை குறுக்கே வந்தால் அதைப் பெயர் வைத்துக் கூப்பிட்டுத் திட்டுவாள். எனக்குத் தாய் தகப்பன் கிடையாது, மிஷன் போர்டிங்கில் வளர்ந்தவள். ஒருவரோடு பேசிக்கொண்டே ஒரு நாளைக் கழிக்கலாம் என்பதை அவளிடம்தான் தெரிந்துகொண்டேன்.

டாக்டரம்மா தன் தேசத்துக்குத் திரும்பியதும் மோட்டார் நின்றது. சிநேகிதியை அவளுடைய அம்மா கோலாருக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். நான் ஆம்பூருக்கு வந்தேன். தோல் வியாபாரிகள் சிலர் சேர்ந்து தொழிலாளிகளுக்காக நடத்திய சின்ன வைத்தியசாலையில் வேலை. சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டுகிறவர்களுக்குக் கைகால் வெந்துபோகும். அந்தப் புண்களைக் கழுவிக் கட்டுவதுதான் பகல் முழுவதும். வைத்தியசாலைக்குப் பின்னால் இரண்டு அறை. அதில் நான் மட்டும். தோல் பதனிடும் ஆவாரம்பட்டையும் ஊறிய தோலும் கலந்த வாசனை முதல் மாதம் தலையணையில்கூட இருந்தது. பிறகு தெரியவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். புத்தகத்தையும் கட்டணத்தையும் வேலூருக்கு, ஜில்லா போலீஸ் ஆபீசுக்கு அனுப்பினால் முத்திரை குத்தி அனுப்புவார்கள். ஓட்ட வண்டி இல்லாவிட்டாலும் ஒரு வருஷமும் தவறாமல் அனுப்பிவந்தேன். அந்த வருஷமும் அனுப்பியிருந்தேன். பணம் கட்டிய ரசீது தபாலில் வந்துவிட்டது. புத்தகம் இன்னும் வரவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் கார்டு வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஒருவருடைய காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது தபால்காரர் ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். ஈரக்கையோடு எடுத்துப் படித்தேன். சிநேகிதியின் கையெழுத்து. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது என்றும், புருஷன் சிலோனில் ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர் என்றும், அவரோடு சிலோனுக்குப் போவதாகவும் எழுதியிருந்தாள். "செவ்வாய்க்கிழமை காலை மெயிலில் காட்பாடிக்கு வருகிறோம். சாயங்காலம் தெற்கு வண்டி ஏறும்வரை பொம்பிளைகள் வெயிட்டிங் ரூமில் இருப்பேன். எப்படியாவது வா. உன்னைப் பார்க்காமல் போக மனசில்லை."

மெயில் ஆம்பூரில் நிற்காது. அன்றைக்குக் காலையில் அது ஊதிக்கொண்டு போனது என் காதில் விழுந்திருந்தது. அதில் அவள் இருந்திருக்கிறாள்.

பாசஞ்சர் வண்டி ஏற்கெனவே போய்விட்டது. அடுத்தது பொழுது சாய்ந்துதான். வேலூர் போகிற ஒரே பஸ்ஸும் விடியற்காலையில் கிளம்பிப் போயிருந்தது. மாட்டு வண்டியில் காட்பாடி போய்ச் சேர்வதற்குள் அவள் விழுப்புரத்தைத் தாண்டியிருப்பாள். மிச்சமிருந்தது பஜார் தெருவின் கோடியில் இருந்த வாடகை மோட்டார் ஷெட்டு ஒன்றுதான்.

கம்பவுண்டரிடம் சொல்லிவிட்டுப் போனேன். ஷெட்டில் பழைய மோட்டார் ஒன்று நின்றது. மேலே மடக்குகிற கேன்வாஸ் கூரை, பக்கத்தில் ரப்பர் பந்து வைத்த ஹார்ன். சொந்தக்காரர் ஒரு பாய். நடுவயதுக்காரர், அமைதியானவர். அவருடைய மகனுக்குக் கட்டி வந்தபோது நான் கட்டுப் போட்டிருக்கிறேன் என்பதால் என்னைத் தெரியும்.

"காட்பாடியா? வண்டி இருக்குது நர்ஸம்மா. டிரைவர்தான் இல்ல. ஜுரத்துல படுத்துகினு இருக்கான். எனக்கோ ஓட்ட வராது."

"டிரைவர் வேணாம் பாய். நானே ஓட்டிக்கிறேன். சாயங்காலம் கொண்டுவந்து விட்டுர்றேன்."

அவர் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதற்கே நான் நன்றி சொல்ல வேண்டும்.

"லைசென்ஸ் இருக்குதா?"

"இருக்குது. புதுப்பிக்க வேலூருக்கு அனுப்பியிருக்கேன். இதோ ரசீது."

ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பணம் கட்டுன சீட்டும்மா. பணம் கட்டிட்டா லைசென்ஸ் குடுத்துட்டாங்கன்னு அர்த்தம் ஆவுமா? குடுக்கமாட்டேன்னு சொல்லியிருந்தா?"

"அப்படிச் சொல்லமாட்டாங்க."

"உங்கள நம்பலைன்னு இல்ல. போன வருஷம் ஒரு மண்டிக்காரர் மருமகன் லைசென்ஸ் இருக்குதுன்னு வாயால சொல்லித்தான் எடுத்துகினு போனாரு. மாதனூர்கிட்ட கட்டை வண்டி மேல விட்டுட்டாரு. போலீஸ் வந்து கேட்டா, லைசென்ஸே இல்ல. வண்டி ஸ்டேஷன்ல வெயில்ல கெடந்து கேன்வாஸெல்லாம் கிழிஞ்சு போச்சு. ரொம்ப பேஜாராப் போச்சும்மா எனக்கு. லைசென்ஸ் நடப்புல இருக்குதுன்னு போலீஸ்ல ஒரு வார்த்தை வாங்கியாந்துடுங்க. சாவியத் தர்றேன்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. நான் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

ஸ்டேஷனில் ஏட்டு ஒருவர் மட்டும் இருந்தார். வயதானவர், வெற்றிலை போட்டிருந்தார்.

"இன்னாம்மா, எதனா திருட்டா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் ரசீதைத் தூரமாகப் பிடித்துப் படித்தார்.

"இது யாரோடது?"

"என்னோடது."

"உங்க வீட்டுக்காரர அனுப்புங்க. அவர்கிட்ட பேசிக்கிறேன்."

"வீட்டுக்காரர் இல்லிங்க."

"அப்பா, அண்ணன், தம்பி?"

"யாரும் இல்லிங்க. லைசென்ஸ் என்னோடது. நான்தான் ஓட்டப்போறேன்."

சொல்லும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இல்லை, இல்லை என்று வரிசையாகச் சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. ஏட்டு வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"ரிஜிஸ்தர் வேலூர்ல இருக்குது. இங்க இருந்து நான் ஒண்ணும் சொல்ல முடியாது. தந்தி அடிச்சுக் கேக்கலாம். உங்க பேர்ல அடிச்சா பதில் எப்ப வருமோ. ஸ்டேஷன் பேர்ல அடிச்சா இன்னிக்கே வரும். செலவு உங்களோடது."

"சரிங்க."

"அப்படி இன்னா அவசரம்? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவருக்கு எளிதாகப் புரிந்திருக்கும். "சிநேகிதி ஒருத்தி சிலோன் போறா. பாக்கணும்" என்றேன். அவர் ஒரு காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

தந்தி போனது. பதில் வரும்வரை ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். வைத்தியசாலைக்குப் போனால் யாராவது காலை நீட்டிவிடுவார்கள், எழுந்து வர முடியாது என்ற பயம். வெயில் ஏறியது. ஆவாரம்பட்டை ஏற்றிய வண்டிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. காரின் அருகே கிடந்த பெட்டி மேல் உட்கார்ந்து, பாதிக்குத் திறந்திருந்த அதன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்ரோல் வாசனை பட்டதும் கடலை ஞாபகம் வந்தது.

ஷெட்டை ஒட்டித்தான் பாயின் வீடு. வாசலில் கோணித் திரை. திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை டீ தம்ளரை நீட்டியது. அவருடைய சம்சாரம்.

"நெசமாவே நீங்களே ஓட்டுவீங்களா?"

"ஓட்டுவேம்மா."

"தனியாவா போறீங்க? பயமா இருக்காதா?"

"தனியாப் போறது பழகிடுச்சு."

"எனக்கெல்லாம் பக்கத்துத் தெருவுக்குப் போவணும்னாகூட நாலு பேர் கூட வருவாங்க" என்றாள். அதை அலுப்பாகச் சொன்னாளா, சந்தோஷமாகச் சொன்னாளா என்று முகம் தெரியாததால் எனக்குப் புரியவில்லை. தம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன்.

மதியத் தொழுகைக்குப் போன பாய் திரும்பி வந்த பிறகுதான் தந்தி வந்தது. கான்ஸ்டபிள் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். இங்கிலீஷில் இருந்தது. லைசென்ஸ் நடப்பில் உள்ளது, புத்தகம் கையெழுத்துக்காக நிற்கிறது என்று நான் படித்துச் சொன்னேன். பாய் சங்கடத்தோடு தாடியைத் தடவினார். யாருக்கு வண்டி வேண்டுமோ அவரே படித்துச் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவருக்குத் தயக்கம். எதிர்த்த மண்டியில் கணக்கெழுதுகிறவரைக் கூப்பிட்டார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"லைசென்ஸ் இருக்குது பாய். ஆனா இதுல ஆம்பளைன்னுல்ல இருக்குது. 'அவன் ஓட்டலாம்'னு போட்டிருக்கான்."

பாய் என் பக்கம் திரும்பினார். "அம்மா, கோவிச்சுக்காதீங்க. இது உங்க குடும்பத்துல வேற யாரோடதாவதா?"

எனக்குக் கோபம் வரவில்லை. களைப்புத்தான் வந்தது. சூரியன் மேற்கே இறங்க ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஒருமுறை எனக்கு யாரும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எழுந்து மறுபடி ஸ்டேஷனுக்கு நடந்தேன். தந்தியில் 'அவன்' என்று இருப்பதைச் சொன்னதும் ஏட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார்.

"பாய், பொம்பளைங்களுக்குன்னு வேலூர்காரங்க தனியா எழுதிப் பழகல. வர்றதெல்லாம் ஆம்பளைங்க. ரசீதுல இருக்கிற பேரும் தந்தியில இருக்கிற பேரும் ஒண்ணு. ஆஸ்பத்திரியில இந்தம்மா பேரும் அதான். நான் சொல்றேன், சாவியக் குடு."

பாய் அப்போதே கொடுத்துவிட்டார். டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று அவரே குச்சி விட்டுப் பார்த்தார். நான் முன்னால் போய்க் கைப்பிடியைச் சுழற்றினேன். மூன்றாவது தரம் எஞ்சின் பிடித்தது. ஏட்டு சைக்கிளை ஓரமாக நகர்த்தி எனக்கு வழிவிட்டார்.

அந்த ரோட்டை நான் அறிவேன். புளியமரங்கள், மாதனூர், பள்ளிகொண்டா, இடது கைப்பக்கம் மணல் மட்டும் ஓடுகிற பாலாறு. மூன்று வருஷமாகத் தொடாத ஸ்டியரிங் கைக்குள் வந்ததும் எதுவும் மறந்துபோகவில்லை என்று தெரிந்தது. ஆனால் எதிரே எருமை வந்தபோது பழக்கத்தில் இடது பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டேன். காலியான சீட்டில் என் கைப்பை குதித்துக்கொண்டிருந்தது.

வேலூரைத் தாண்டிக் காட்பாடி ஸ்டேஷனுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன். தெற்கு வண்டி இன்னும் வரவில்லை. அவள் பிளாட்பாரத்திலேயே, டிரங்குப் பெட்டிக்கும் படுக்கைச் சுருட்டுக்கும் நடுவில் நின்றிருந்தாள். பட்டுப்புடவை. கழுத்தில் புதிதாகத் தாலி. பக்கத்தில் கோட்டுப் போட்ட மனிதர் ஒருவர். என்னைப் பார்த்ததும் அவள் முகம் பழையபடி மலர்ந்தது. ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். இரண்டு எட்டு வைத்தவள் நின்றுவிட்டாள்.

"வந்துட்டீங்களா? ஏன் இவ்ளோ சிரமப்பட்டீங்க?"

அவள் என்னை ஒருநாளும் நீங்கள் என்று கூப்பிட்டதில்லை. கார்டில்கூட 'வா' என்றுதான் எழுதியிருந்தாள். புருஷன் எதிரில் மரியாதையாகப் பேசுகிறாள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவர் நல்லவர். கைகூப்பினார். உங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறாள் என்றார். எப்படி வந்தீர்கள் என்று கேட்டார்.

"கார் எடுத்துகிட்டு வந்தேன்."

"அப்படியா? டிரைவருக்கு ஒரு டீ குடுக்கச் சொல்லட்டுமா? ஆம்பூர்ல இருந்து வெயில்ல ஓட்டிகினு வந்திருப்பாரு."

நான் வாயைத் திறந்தேன். அவருக்குப் பின்னால் நின்ற அவள் லேசாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள்.

"டிரைவர் குடிச்சாச்சுங்க" என்றேன்.

சோடா வாங்கி வருவதாக அவர் அந்தப் பக்கம் போனதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பா நினைச்சுக்காதீங்க. ஆஸ்பத்திரிக்குள்ளதான் வேலைன்னு அம்மா சொல்லிவெச்சிருக்காங்க. ரோட்டோரமா ஊரெல்லாம் சுத்தினது அவங்க வீட்ல தெரியாது. தெரிஞ்சா ஒண்ணும் சொல்லமாட்டாருன்னுதான் நினைக்கிறேன். ஆனா இப்பவே எதுக்கு."

"சரி" என்றேன். "இப்ப யாரும் இல்ல. நீன்னே கூப்பிடேன்."

அவள் சிரித்தாள். கூப்பிட முயன்றாள் என்று நினைக்கிறேன். ஆனால் அதற்குள் என் வைத்தியசாலை, சம்பளம் இவற்றைப் பற்றி ஏதோ விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். தலைவலிக்கு இன்னும் அந்தத் தைலம்தானா என்று கேட்டாள். சிலோனில் குளிர் அதிகமாம், கம்பளி வாங்கியிருக்கிறார்களாம். காலையிலிருந்து நான் அவளிடம் சொல்லச் சேர்த்துவைத்திருந்தது எவ்வளவோ. ஏட்டு, பாய், என்னை ஆண் என்று எழுதிய தந்தி. வேறு யாரிடம் சொன்னாலும் அவளளவு சிரிக்கமாட்டார்கள். அதில் ஒன்றையும் சொல்ல முடியவில்லை. அவர் சோடாவோடு வந்துவிட்டார். பிறகு வண்டியும் வந்தது.

ஜன்னல் வழியாக அவர்தான் கையசைத்தார். "சிலோன் பக்கம் வந்தா கட்டாயம் வரணும்" என்றார். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அழுதாளா தெரியாது. வண்டி வளைவில் மறையும்வரை நின்றேன். பிறகு ஒரு போர்ட்டர் வந்து மூட்டை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

வேப்பமரத்தடியில் காரைச் சுற்றிச் சிலர் நின்றிருந்தார்கள். நான் கைப்பிடியைச் சுழற்றும்வரை யாரோ டிரைவர் வரப்போவதாகத்தான் பார்த்திருந்தார்கள். யாரிடமும் பேசாமல் ஏறினேன். பள்ளிகொண்டா தாண்டி ஓர் இடத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற இறங்கினேன். ஊற்றிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. ஆற்று மணலில் தோல்களைக் காயப்போட்டிருந்தவர்கள் அவற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஒரு முனையையும் இன்னொருவர் மறுமுனையையும் பிடித்து, பேசிக்கொண்டே மடித்தார்கள். அவர்கள் முடித்துப் போன பிறகுதான் வண்டியைக் கிளப்பினேன்.

பாய் ஷெட்டு வாசலிலேயே நின்றிருந்தார். வண்டியை ஒருதரம் சுற்றி வந்து பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"பாத்தீங்களாம்மா உங்க சிநேகிதிய?"

"பாத்தேன் பாய்."

"போதும். அதுக்குத்தான இவ்ளோ பாடு."

லைசென்ஸ் புத்தகம் பிறகு தபாலில் வந்தது. சிலோனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அடுத்த வருஷம் பிள்ளை பிறந்த சேதி. நான் எழுதிய பதிலுக்குப் பதில் வரவில்லை. நானும் மறுபடி எழுதவில்லை.

நான் காட்பாடி போய்வந்த அந்த வருஷத்து மழைக்காலத்தில் பாயின் சம்சாரம் ஆள் விட்டனுப்பினாள். அவளுடைய அம்மா வீடு பேரணாம்பட்டில். ஆண் டிரைவரோடு அனுப்ப மாமியார் ஒப்புவதில்லை, நர்ஸம்மா ஓட்டினால் போகலாம் என்று பாய் சொல்லிவிட்டாராம். அதன் பிறகு அந்தத் தெருவின் மற்ற வீடுகளிலிருந்தும் கூப்பிட ஆரம்பித்தார்கள். யாரும் என்னிடம் லைசென்ஸ் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் ஆராதனை முடிந்து வந்து வண்டியை எடுப்பேன். முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவே துணி கட்டி, பின்னால் பெண்கள் நெருக்கி உட்கார்ந்துகொள்வார்கள். உருதுவில் ஓயாமல் பேசுவார்கள். எனக்குப் பாதி புரியும், பாதி புரியாது. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருப்பேன்.